நான் வெட்டி எறிந்த கடைசிப் பட்டை

மகனே,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். இன்றைக்கு அது வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில் சொன்னதைக் கேட்டு நான் கத்தினேன். நீ கட் பண்ணிவிட்டாய். அதற்கப்புறம் நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உன் அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுத்து, சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒப்பிக்கிறாய். சரி, எழுதுகிறேன். எழுத்தை நடுவில் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் இதை அச்சில் போடக் கொடுக்கப் போகிறேன், எத்தனை பிரதியைக் கிழிப்பாய்?

எனக்கு நாற்பத்தைந்து வயது, உனக்கு இருபத்து மூன்று. கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் பண்ணிக்கொண்டு, கடைசி வருடத் தேர்வுகளுக்கு நடுவில் உன்னைப் பெற்றவன் நான். வில்லியனூர் கடைத்தெருவில் நம் இரண்டு பேரையும் பார்த்து 'தம்பியா சார்?' என்று கேட்டவர்கள் உண்டு. ஆகவே வாழ்ந்து முடித்த அப்பாவின் சாந்தமான புத்திமதியை இதில் தேடாதே. என்னிடம் சாந்தம் கிடையாது. கோபம்தான் இருக்கிறது. அதில் பாதி உன் மேல். மீதி யார் மேல் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன். நீ வைராலஜியில் முதுகலை முடிக்கப் போகிறாய். ஆட்டுக்குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும் ஒரு வைரஸ், அந்த ஆடுகளோடு ஒரே கொட்டகையில் வளரும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கிலும் இருக்கிறது என்பது உன் தீசிஸ். பொங்கல் கழிந்ததும் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால்தான் வெளிநாட்டில் கிடைத்திருக்கும் ஆராய்ச்சி இடம் உனக்கு. நாம் செய்யும் சோதனை இதுதான். மலத்திலிருந்து பிரித்த ஒரு துளியைச் சின்ன டியூபில் போட்டு, அதில் வைரஸின் துணுக்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் அதைக் கோடிக்கணக்காகப் பெருக்கி, ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் டியூபுக்கு ஒரு வரிசையாக, அதாவது ஒரு லேனாக, ஓடவிடுவோம். வைரஸ் இருந்தால் அந்த லேனில் வெளிச்சமாக ஒரு பட்டை தெரியும். எல்லாவற்றுக்கும் கடைசியில் வெறும் தண்ணீர் ஊற்றிய டியூப் ஒன்று வைப்போம். அதில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் நம் கையிலோ, கருவியிலோ, மருந்திலோ பழைய சோதனையின் மிச்சம் கலந்திருக்கிறது, அன்று ஓட்டியது மொத்தமும் சந்தேகம் என்று அர்த்தம். எனக்கும் உனக்கும் ஆசை இருக்கிறது. தண்ணீருக்கு எந்த ஆசையும் கிடையாது. அதனால்தான் அதைச் சாட்சி வைக்கிறோம்.

நீ சொன்னாய்: "தண்ணி டியூப்ல ஒரு பட்டை வந்துச்சிப்பா. லேசாதான்."

"எத்தினி தடவ?"

"ரெண்டு தடவ. மூணாவது தடவ வரல. கைடு சொல்றாரு, மூணாவது படத்தப் போடு, அது பளிச்சினு இல்லன்னா முத படத்துலயே கடைசி லேன கட் பண்ணிடுன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? எல்லாரும் பண்றதுதானேப்பா. ஆட்டுக்குட்டி வைரஸ். யாரு சாவப் போறா?"

அங்கேதான் நான் கத்த ஆரம்பித்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது நீ ரொம்ப அமைதியாக, டாக்டர் ஊசி குத்துகிற மாதிரி, ஒன்று சொன்னாய். "உங்க பழைய பேப்பர் படத்துலகூடக் கடைசி லேன் இல்லியேப்பா. நான் பாத்துட்டேன். அத வச்சிதானே நீங்க இந்த எடத்துக்கு வந்தீங்க?" அதற்கப்புறம் நான் கத்தியதில் வார்த்தையே இருந்திருக்காது.

நீ பார்த்தது சரி. ஆராய்ச்சி இதழில் வந்த என் பேப்பரின் அந்தப் படத்தில் ஒரு லேன் இல்லை. அச்சில் இடம் போதாமல் விட்டதில்லை. நான் வெட்டினேன். பத்தொன்பது வருடமாக அதை உன் அம்மாவைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை, அவளும் வேறு மாதிரி கேட்டாள். நீ கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு நொடி பெருமைகூட வந்தது. கண் நன்றாகத்தான் இருக்கிறது உனக்கு. ஆனால் கண்டுபிடித்ததை வைத்து நீ என்ன செய்தாய்? அப்பா திருடியிருக்கிறார், ஆகவே நானும் திருடலாம் என்று அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டாய். அந்தச் சீட்டை ரத்து செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாம் பாகூருக்கு அப்பால் ஆற்றோரக் கிராமத்தில் இருந்தோம். எனக்கு இருபத்தாறு, உனக்கு நாலு. நான் கன்றுக்குட்டிக் கழிச்சலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் நம் தெருவில் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. அதே வாரம் அஞ்சலைக்கா வீட்டுக் கன்று ஒன்றும் கழிந்தது. அஞ்சலைக்கா உனக்கு அத்தை முறை, மூன்று மாடு வைத்து அந்தத் தெருவுக்கே பால் ஊற்றியவர். எனக்கு மூளையில் மின்னல் அடித்தது. கன்றும் குழந்தையும் ஒரே வைரஸ்! எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! மூடி போட்ட பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அஞ்சலைக்கா வாசலில் நின்று சிரித்தார்.

"இன்னா தம்பி, அஞ்சி வருசம் மாட்டு டாக்டருக்குப் படிச்சிட்டு வூடு வூடா பீ கேட்டுக்கினு வர?"

"மாட்டுதும் வேணும்கா."

"அதுக்கின்னா, கொட்டாய்ல ஒரு வண்டி கெடக்குது. மொத்தத்தையும் அள்ளிக்கினு போ, எனக்கு வேல மிச்சம்."

கன்றின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். அது என் சட்டையில் பீய்ச்சியபோது தெருவே சிரித்தது. எதிர்வீட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவள் பையனுக்கு அன்று கண் உள்ளே போயிருந்தது. அவனுடைய மாதிரியையும் வாங்கினேன். உனக்கும் அந்த வாரம் பேதி. உப்பும் சர்க்கரையும் கரைத்து உன் அம்மா ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டிருந்தாள், நான் உன் துணியிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

லேபில் இருந்தது ஒரே அறை. கன்றின் பெருக்கிய சரக்கைத் திறந்த அதே மேஜையில், துளியை உறிஞ்சி ஊற்றும் அதே பிப்பெட்டால் குழந்தைகளின் டியூபையும் நிரப்பினேன். பெருக்கிய சரக்கைத் திறக்கும் அறை வேறு, புது மாதிரியைத் திறக்கும் அறை வேறு என்று அப்போதே எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. எனக்குத் தெரியும். பொறுமைதான் இல்லை. ஜெல்லில் பட்டை வந்தது. எதிர்வீட்டுப் பையனின் லேனில் பளிச்சென்று. தண்ணீர் லேனில் மங்கலாக. மங்கலானது ஊற்றும்போது பக்கத்திலிருந்து தெறித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையனின் பட்டையை வெளி லேபுக்கு அனுப்பி, அதன் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்ததில், கன்றின் வைரஸோடு ஓர் எழுத்துகூட மாறவில்லை. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குத் தாவுகிற வைரஸ் பெரும்பாலும் எங்காவது ஓர் எழுத்தையாவது மாற்றிக்கொள்ளும். அச்சு அசலாக ஒன்றாக இருந்தது, ஏனென்றால் அது கன்றினுடையதேதான், என் பிப்பெட் வழியாகப் போனது. நான் அதைச் சான்று என்று கொண்டாடினேன். அப்போதைய என் கைடு, படம் பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கடைசி லேனை வெட்டியதும் இன்னும் பளிச்சென்று ஆயிற்று.

உன் மாதிரி என்ன ஆயிற்று என்று நீ கேட்டதே இல்லை. உன்னுடையதில் கன்று வைரஸ் வரவில்லை. மாடே இல்லாத வீட்டுப் பிள்ளை, பேதி இருக்கிறது, வைரஸ் இல்லை. என் கதைக்கு நீ ஒத்துவரவில்லை. அதனால் உன்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பெற்ற பிள்ளையையே தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அந்தப் பேப்பரை எழுதினேன், புரிகிறதா? உன் அம்மா பன்னிரண்டாம் வகுப்பு. அவள் அடுப்படியில் நின்றபடி கேட்டாள்: "மாடு இல்லாத வூடு நம்ம வூடு. நம்ம புள்ளைக்குந்தான் போச்சி. இங்க எந்த மாடு வந்து நக்கிட்டுப் போச்சி?" நான் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். "உனக்கு இன்னா தெரியும், பேசாம சாதத்தப் போடு."

பேப்பர் வருவதற்கு முன்னாலேயே நான் தெருவில் சொல்லிவிட்டேன். அதுதான் அடுத்த தப்பு. டீக்கடையில், பால் சொசைட்டி வாசலில், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும். படித்தவன் சொன்னால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்கிற அந்த ருசி இருக்கிறதே, அது ஒரு தடவை நாக்கில் பட்டால் போகாது. தெருவில் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, ரோட்டைத் தோண்டிப் பார்க்க ஓர் என்ஜினியர் வந்து சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். காரணம் மாடு என்று தெரிந்ததும் தோண்டுகிற வேலை தள்ளிப்போயிற்று. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னதை நம்பினார். அடுத்த மழையில் கோடும் அழிந்துபோயிற்று.

அந்த மாதக் கடைசியில் அஞ்சலைக்காவின் இரண்டாவது மாடு கன்று போட்டது. நம் தெருவில் மாடு ஈன்றால் சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்கள். வாங்கிய வீட்டுக்காரர்கள் சொம்பை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், ஒரு கை அரிசியோ வெல்லமோ போட்டுத் தருவார்கள். அன்று எல்லாச் சொம்பும் சீம்பாலோடேயே திரும்பியது. சண்டை கிடையாது, திட்டு கிடையாது. "வேணாம்கா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல" என்று ஒவ்வொரு வாசலிலும் மெதுவாகச் சொல்லி அனுப்பினார்கள். நம் வாசலுக்கும் அஞ்சலைக்கா வந்தார். உன் அம்மா கை நீட்டினாள். உள்ளேயிருந்து நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். கொதித்த பாலில் அந்த வைரஸ் பிழைக்காது என்று அந்தத் தெருவிலேயே தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் குடித்துக் காட்டியிருந்தால் தெரு முழுக்க வாங்கியிருக்கும். ஆனால் நான் சொன்னதை ஊரே கேட்கிறபோது நானே அதை உடைப்பேனா? அஞ்சலைக்கா அவ்வளவையும் வேப்பமரத்தடியில் ஊற்றினார். தைக்குள் மூன்று மாட்டையும் தரகரிடம் விட்டார். அதற்கப்புறம் சவுக்குத் தோப்பில் கூலிக்குப் போனார்.

அடுத்த ஐப்பசி வந்தது. தெருவில் மாடும் இல்லை கன்றும் இல்லை. பேதி மட்டும் வந்தது. எதிர்வீட்டு அம்மாவுக்கு அப்போது ஒரு வயது ஆகாத பெண் குழந்தை இருந்தது. குழந்தையின் பெயரை அவளைக் கேட்காமல் எழுத மாட்டேன், பாப்பா என்றே எழுதுகிறேன். தாய்ப்பால் போதாமல் மாட்டுப்பாலுக்கு மாற வேண்டிய நேரத்தில், டாக்டர் தம்பி வேண்டாம் என்று சொன்னதாக, அவள் கடைப் பால்பவுடர் வாங்கினாள். அதைக் குழாய்த் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சூடு பண்ணி அதில் கலந்து கொடுத்தாள். மாட்டுப்பாலாக இருந்தால் பொங்கப் பொங்கக் காய்ச்சியிருப்பாள். பாப்பா இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே, அம்மா மடியில் போய்விட்டது.

பிறகு ரோட்டைத் தோண்டினார்கள். குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே போயிருந்தது, மூட்டு விட்டுக் கிடந்தது. நான் குழி ஓரத்தில் நின்று பார்த்தேன். அந்த வாரமே வேறு லேபுக்குப் போய், முந்தைய வருடம் ஃப்ரீசரில் வைத்திருந்த எதிர்வீட்டுப் பையனின் மாதிரியை, புது மருந்து, புதுப் பிப்பெட் வைத்து முதலிலிருந்து செய்தேன். கன்று வைரஸ் இல்லை. இருந்தது நோரோ வைரஸ், மனிதர் கழிவு கலந்த தண்ணீரில் வருகிற சாதாரண வயிற்றுப்போக்கு வைரஸ். உன்னுடைய மாதிரியிலும் அதேதான். நான் தூக்கிப் போட்ட உன் டியூபில் உண்மை ஒரு வருடமாகப் பனிக்கட்டியாய் உறைந்து கிடந்திருக்கிறது.

அன்றைக்காவது எழுதியிருக்கலாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: எங்கள் முடிவு தவறு, திரும்பப் பெறுகிறோம். எழுதவில்லை. பேப்பர் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, அதை வைத்துத்தான் வேலைக்கு இன்டர்வியூ. முதலில் வேலை கிடைக்கட்டும் என்றேன். பிறகு நிரந்தரம் ஆகட்டும் என்றேன். பிறகு, பழைய கதை, யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றேன். என் லேபில் நான் பயங்கரக் கண்டிப்பு என்று பெயர். போட்டிருந்த லேப் கோட்டை மாற்றாமல் அடுத்த அறைக்குள் கால் வைத்தவனை வெளியே நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர் டியூபை ஒன்றல்ல, நாலு வைக்கச் சொல்லுவேன். சார் எவ்வளவு நேர்மை என்று பேசிக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரியும். நேர்மையாம்! பயந்தவனின் கண்டிப்பு அது. பன்றிக்குட்டி, எருமைக்கன்று, கோழி என்று அதற்கப்புறம் நான் செய்த வேலை எதிலும் ஒரு பொய் கிடையாது. நன்றாகத்தான் செய்தேன். ஆனால் எல்லாம் அந்த ஒரு பொய்யின் மேல் ஏறி நின்று செய்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆட்டுக்குட்டி வைரஸ், யார் சாகப் போகிறார்கள்? நீ மாதிரி எடுத்த வீடுகளில் ஆட்டையும் பிள்ளையையும் ஒரே கூரையில் வைத்திருப்பது ஆசைக்கா? வேறு கூரை இல்லை. உன் பேப்பரைப் படிக்கிற யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், ஆடுகளை அப்புறப்படுத்துங்கள் என்பார். ஆடு போகும். பேதி போகாது. அதற்குள் நீ வேறு தேசத்தில் பனியைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பாய். யார் செத்தார்கள் என்று உனக்குத் தெரியக்கூட வராது. எனக்காவது எதிர்வீடு.

எல்லாரும் பண்ணுவதுதானே என்கிறாய். எல்லாரும் பண்ணுவதில்லை. பண்ணுகிறவர்கள்தான் எல்லாரும் பண்ணுகிறார்கள் என்பார்கள். நானும் பத்தொன்பது வருடம் அதைச் சொல்லியே தூங்கினேன். உன் கைடை இதில் இழுக்காதே, அவர் யார், எந்தக் கல்லூரி என்று நான் எழுதப் போவதில்லை. தீசிஸில் இருக்கப்போவது உன் பெயர். வெட்டப்போவது உன் கை.

உன் போனுக்கு அப்புறம் முந்தாநாள் காலை நான் பழைய ஊருக்குப் போனேன். அஞ்சலைக்கா வாசலில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டைக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருக்கிறது, நாக்கு மாறவில்லை.

"இன்னாடா, பெரிய ஆபீசரு காலையிலயே? மறுபடியும் பீ வாங்க வந்தியா?"

சொல்ல ஆரம்பித்தேன். பிப்பெட், டியூப், கலப்படம் என்று என்னென்னவோ உளறினேன். அவர் கையை உயர்த்தினார்.

"சுத்தி வளைக்காத. எம் மாட்டால வரலன்ற. அதானே?"

"ஆமாக்கா."

"எனக்கு அப்பவே தெரியும். கழியற கன்ன இந்தக் கையால கழுவுனவ நான். எனக்கு ஒண்ணும் வரல. கொட்டாய் பக்கமே வராததுங்களுக்கு வந்துச்சி. இதுக்கு லேபு வேற வேணுமா?"

"ஏன்கா அப்பவே சொல்லல?"

"யாரு கேப்பா? நீ படிச்சவன். நான் மாட்டுக்காரி." ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "அது சரி, இத்தினி வருசம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

முறத்திலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து நானும் உடைத்தேன். பத்திரிகையில் எழுதப் போகிறேன், உங்கள் பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "எதுக்கு மாத்தணும்? தெருவே எம் பேரச் சொல்லித்தானே ஒதுக்குச்சி? எம் பேரப் போடு. மாட்டுங்க பேரையும் போடு." போடுகிறேன். லட்சுமி, செவலை, ராணி. மூன்றுக்கும் எந்தக் குற்றமும் இல்லை.

எழுந்தபோது, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "எதுத்த வூட்டுக்காரிகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"எங்கிட்ட சொல்றது சுலபம் தம்பி. மாடு போச்சி, வேற கூலி கெடச்சிது. அவகிட்ட போ."

அவள் இப்போது மடுகரையில் பையனோடு இருக்கிறாள். அங்கிருந்து நேராக வண்டியை மடுகரைக்கு விட்டேன். வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "டாக்டர் தம்பியா? உள்ள வாங்க, வாங்க" என்றாள். அவள் இந்தப் பத்தொன்பது வருடமும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சீக்கிரமே எச்சரித்த டாக்டர். தான்தான் பவுடரைச் சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது என்று அவளே சொன்னாள், கேட்காமலே, டீ டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே. நான் டீயைக் குடித்தேன். இந்தப் பக்கம் வேலையாக வந்தேன் என்றேன். திரும்பிவிட்டேன்.

இதுதான் உன் அப்பா. தெரிந்துகொள். உண்மைக்கு வயது ஆக ஆக அது எப்படிக் கனக்கும் என்று நான் உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அந்த டீயை என்னால் விழுங்க முடிந்தது என்பதே போதும். நீ சொல்ல வேண்டியது யாரிடம்? ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கைடிடம். 'சார், தண்ணீரில் பட்டை வந்திருக்கிறது, படத்தை வெட்ட மாட்டேன், திரும்பச் செய்கிறேன்.' ஒரு நிமிஷம் ஆகும். இருக்கும் மருந்தையெல்லாம் கொட்டு. பிப்பெட்டை மாற்று. ஃப்ரீசரில் இருக்கும் மூல மாதிரியிலிருந்து, வேறு லேபில், எது ஆடு எது குழந்தை என்று உனக்கே தெரியாதபடி வேறொருவரை எண் போடச் சொல்லிச் செய். தண்ணீர் டியூபைக் கடைசியில் மட்டும் வைக்காதே, நடுநடுவே வை. முடிவு அதேதான் வந்தால் தலை நிமிர்ந்து போடு. வராவிட்டால் வரவில்லை என்று போடு. ஆறு மாதம் ஆகும். வெளிநாட்டு இடம் போய்விடலாம். வேறு கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், கிடைக்காமலும் போகலாம். போகட்டும். இங்கே மாடும் ஆடும் பேதியும் நிறையவே இருக்கிறது, வேலைக்குப் பஞ்சம் இல்லை.

என் பேப்பரைத் திரும்பப் பெறுவதற்கான கடிதத்தை நேற்றே அனுப்பிவிட்டேன். வெட்டாத படத்தையும் வைத்திருக்கிறேன், நெகட்டிவ் இன்னும் என் அலமாரியில்தான் இருந்தது. வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. உன் அம்மா கேட்டுவிட்டு, "இத்தன வருசம் கழிச்சி என் கேள்விக்குப் பதில் வந்துச்சா?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அதுவே எனக்குப் போதுமான அளவுக்கு வலித்தது.

பாப்பாவின் அம்மா இதை யாரோ வாசித்துக் காட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது. அது மட்டும் நடக்கவே கூடாது. ஆகவே இந்தக் கடிதத்தை உறையில் போட்டு வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மடுகரைக்குப் போகிறேன். டீ கொடுத்தால் வாங்க மாட்டேன். பவுடர் கலந்ததில் உன் தப்பு எதுவும் இல்லையம்மா, தப்பு என்னுடையது என்று முதலில் சொல்லிவிடுவேன், பிறகு மற்றதெல்லாம். சொல்லி முடித்து வெளியே வந்த பிறகுதான் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் இன்னொன்றை உனக்கும் தபாலில் சேர்ப்பேன். முடியாமல் திரும்பினால் இரண்டையும் கிழித்துவிடுவேன், உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை.

அதனால் இது உன் கைக்கு வந்திருக்கிறது என்றால் நான் அந்த வீட்டுக்குள் போய்ச் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். அவள் என்ன செய்தாள், அழுதாளா, அடித்தாளா என்று என்னைக் கேட்காதே. அது அவளுடையது. நான் கேட்கப்போவது ஒன்றுதான், அதற்குப் பதில் சொல்ல மட்டும் போனை எடு. நீ சொல்லிவிட்டாயா?

அப்பா